பழைய கவ்வாத்துக் கத்திதான் நல்லதா? கத்தி, தகரம், பித்தளை பற்றி ஒரு நீண்ட பேச்சு

8 ஜூன், காலை. தேயிலைச் செடியின் கிளைகளை நறுக்கிவிடும் கவ்வாத்து வேலைக்கான கத்தி பற்றி மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"தாத்தா பாவித்த கவ்வாத்துக் கத்தி வீட்டில் இன்னும் இருக்கிறது. தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்துவிட்டது. ஆனாலும் வாது ஒரே வெட்டில் போகும். போன கவ்வாத்துக்குச் சந்தையில் வாங்கிய புதுக் கத்தி ஒரு நிரை முடிவதற்குள் வாய் மடிந்துவிட்டது. இந்தக் காலத்து இரும்பே கலப்படம், பழைய இரும்பு மாதிரி வராது என்கிறார் அப்பா. உலோகம் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

8 ஜூன், இரவு 9.30

கத்தி மோசம் என்பதை நம்புகிறேன். இரும்பு மோசம் என்பதை நம்பவில்லை. இன்று ஆலையிலிருந்து வரும் உருக்கில் கந்தகம், பொசுபரசு போன்ற அழுக்குகள் தாத்தா காலத்தைவிடக் குறைவு. எந்த உருக்கை எடுத்தார்கள், எடுத்ததற்கு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

கட்டடக் கம்பி, கேற் செய்யும் பட்டை எல்லாம் மென்னுருக்கு. காபன் 0.1, 0.2 சதவீதம் இருக்கும். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் கத்தி வாய்க்கு வேண்டிய கடினம் வராது. லொறி ஸ்பிரிங் பிளேட்டில் 0.5, 0.6 சதவீதம். அரத்தில் 1 சதவீதத்துக்கும் மேல். கேட்கச் சின்ன வித்தியாசம், வேலையில் மலைக்கும் மடுவுக்கும்.

வாய் மடிந்ததா, பல்லுப் பல்லாகத் தெறித்ததா? மடிந்தால் உருக்கு மென்மை. தெறித்தால் தோய்ச்சல் கொடுத்தபின், அதாவது சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ இறக்கியபின், திரும்ப மிதமாகச் சூடு காட்டி இளக்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

9 ஜூன்

மடிந்ததுதான் என்கிறார். சரி, ஒரு நல்ல அரத்தை எடுத்து வாயோரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். கடினமான உருக்கில் அரம் வழுக்கும், கிறீச்சென்று சத்தம் வரும். மென்மையானதில் கடிக்கும், தூள் கொட்டும். இரண்டு கத்தியிலும் செய்துவிட்டு எழுதுங்கள்.

11 ஜூன்

பதில் வருவதற்குள், கத்தி எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். டிக்கோயாப் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் ஒரு பட்டறை இருந்தது. பேராதனையில் படித்துவிட்டு, தகடு வளைப்பதில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில், ஊருக்கு வந்தால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஆய்வுகூடத்தில் வரைபடமாகப் பார்த்ததை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அடைகல்லுக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு. உலையில் சிரட்டைக்கரி. ஸ்பிரிங் பிளேட்டை வெட்டி, செம்மஞ்சளாகும் வரை காய்ச்சி, ஆசாரி அடிப்பார். நிறம் மங்கிச் சிவப்புக்கு வந்தால் கை நின்றுவிடும், திரும்ப உலைக்குப் போகும். மங்கின பிறகும் அடித்தால் வெடிப்பு விழும் என்று அவருக்குத் தெரியும். வளைந்த முனை, தடித்த முதுகு, மெல்லிய வாய் எல்லாம் சம்மட்டியிலேயே வந்துவிடும். அரம் கடைசியில் கொஞ்சம்தான்.

தோய்ச்சலுக்குமுன் கம்பியில் கட்டிய ஒரு காந்தத்தைக் கத்தியில் தொட்டுப் பார்ப்பார். காந்தம் ஒட்டாமல் விழுந்தால் இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெய்க்குள் இறக்குவார். இரும்பு 770 பாகை செல்சியசில் காந்தத்தன்மையை இழக்கிறது. ஸ்பிரிங் உருக்கைத் தோய்க்க வேண்டியது அதற்குச் சற்று மேலே, 850 பாகைக்குக் கிட்ட. இருட்டுப் பட்டறையில் வெப்பமானியே இல்லாமல் அந்த இடத்தைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எண்ணெய் பழைய எஞ்சின் எண்ணெய். தண்ணீர் இந்த உருக்குக்கு அதிக வேகம், வெடித்துவிடலாம்.

அதற்குப் பிறகு வருவதுதான் பலர் விட்டுவிடும் வேலை. எண்ணெயிலிருந்து எடுத்த கத்தி கடினம்தான், ஆனால் கல்லில் விழுந்தால் முறிந்துவிடும். ஆசாரி அதன் வாயை ஒரு செங்கல் துண்டால் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கினார். பிறகு காய்ந்த இரும்புக் கட்டி ஒன்றின்மேல் முதுகுப்பக்கத்தை வைத்தார். முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரு நிறம் நகர்ந்து வரும்: முதலில் இளம் வைக்கோல் நிறம், பின்னால் பழுப்பு, அதன் பின்னால் ஊதா, கடைசியில் நீலம். பழுப்பு வாயைத் தொட்டதும் எடுத்துத் தண்ணீரில் போட்டார். மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலம் தடிப்பதால் வரும் நிறங்கள் இவை. வைக்கோல் நிறம் சுமார் 220 பாகை, பழுப்பு 260, ஊதா 280, நீலம் 300. வாயில் பழுப்பும் முதுகில் நீலமும் என்றால் வாய் கடினம், முதுகு வளைந்து கொடுக்கும். ஒரே துண்டில் இரண்டு குணம். சந்தைக் கத்தியில் இந்த வேலைக்கு நேரம் இல்லை, விலையும் இடம் கொடுக்காது.

12 ஜூன்

பண்டாரவளை நண்பர் எழுதியிருக்கிறார்: "சம்மட்டி அடி பட்டால் இரும்பு இறுகும். அதனால்தான் கையால் அடித்த கத்தி பலம்."

இது எல்லா இடத்திலும் சொல்லப்படுவது, ஆனால் செம்மஞ்சள் சூட்டில் அடிக்கும் இரும்புக்குப் பொருந்தாது. அந்தச் சூட்டில் அடியால் வரும் இறுக்கம் உடனுக்குடன் கரைந்துவிடும். உலோகம் சின்னச் சின்னப் பளிங்கு மணிகளால் ஆனது; நசுங்கிய மணிகளின் இடத்தில் புது மணிகள் முளைத்துவிடும். அதனால்தான் மணிக்கணக்கில் அடிக்க முடிகிறது. குளிர்ந்த நிலையில் அடித்தால்தான் இறுக்கம் தங்கும்.

வீட்டில் பார்க்கலாம். ஒரு கட்டுக்கம்பியை ஒருமுறை வளைத்துவிட்டு நேராக்கப் பாருங்கள். வளைத்த இடம் நேராகாது, அதன் இரண்டு பக்கமும் வளையும். வளைத்த இடம் மற்ற இடத்தைவிட இறுகிவிட்டது என்று அர்த்தம். அதே இடத்தை நெருப்பில் சிவக்கக் காட்டி ஆறவிட்டால் பழையபடி மென்மை.

உள்ளே நடப்பது இது. உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இடையிடையே வரிசை பிசகிய கோடுகள் உண்டு. வளைக்கும்போது முழு வரிசையும் ஒரேயடியாக நகராது, இந்தப் பிசகுகள் ஊர்ந்து போகின்றன. வளைக்க வளைக்கப் புதுப் பிசகுகள் கோடிக்கணக்கில் பிறக்கும். தேயிலைச் செடிக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை; கூடையோடு நாலு பேர் வந்தால் விலகிப் போய்விடலாம், பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் யாரும் நகர முடியாது. அந்த நெரிசல்தான் இறுக்கம். சூடு காட்டும்போது நெரிசல் கலைகிறது.

13 ஜூன்

நேற்றையதோடு இதையும் சேர்க்க வேண்டும். 1926இல் பிரெங்கல் என்ற பௌதிகவியலாளர் ஒரு கணக்குப் போட்டார்: அணு வரிசை முழுவதும் ஒன்றாக வழுக்கினால் உலோகத்துக்கு எவ்வளவு பலம் இருக்க வேண்டும்? விடை, உண்மையான தூய பளிங்குகளில் அளந்ததைவிட ஆயிரம் மடங்கு, அதற்கும் மேல். எட்டு வருடம் அந்த இடைவெளி அப்படியே கிடந்தது. 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி மூவரும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள்: பிசகுகள். அந்த நேரத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அவை ஊர்வதைப் பார்க்க 1950கள் வரை ஆனது. இரண்டாம் வருடத்தில் இந்த விரிவுரையைக் கேட்ட அன்றே வேறு பாடம் எடுக்கும் எண்ணம் எனக்குப் போய்விட்டது.

15 ஜூன்

மஸ்கெலியாவிலிருந்து பதில்: தாத்தா கத்தியில் அரம் வழுக்குகிறது, புதுக் கத்தியில் கடித்துத் தூள் கொட்டுகிறது.

எதிர்பார்த்ததுதான். ஆனால் இத்தோடு முடிவு கட்டிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப உலையில் காய்ச்சிய உருக்கின் மேல்தோலிலிருந்து காபன் எரிந்து போய்விடும். உள்ளே கடினமாக இருந்தும் தோல் மட்டும் மென்மையாக இருக்கலாம். புதுக் கத்தியின் வாயைக் கல்லில் நன்றாகத் தீட்டி, தோல் போனபின் இன்னொரு தடவை அரம் போடுங்கள். அப்போதும் கடித்தால் அது மென்னுருக்கு, அல்லது தோய்ச்சலே பார்க்காத உருக்கு. பின்னையது என்றால் பட்டறையில் கொடுத்துத் தோய்ச்சல் போடலாம், காசு வீணாகாது.

அப்பாவுக்கு இன்னொன்று. தாத்தா காலத்திலும் மோசமான கத்தி இருந்திருக்கும். அதையெல்லாம் அப்போதே குப்பையில் போட்டிருப்பார்கள், அல்லது பழைய இரும்புக்காரர் கொண்டுபோயிருப்பார். நல்லது மட்டும்தான் பேரன் கைக்கு வந்து சேரும்.

16 ஜூன்

லிந்துலை தங்கச்சி ஒருவர்: "எங்கள் கத்தி வெட்டும்போது வளைகிறது. இன்னும் கடினமாகத் தோய்ச்சல் போட்டால் வளையாதா?"

வளைந்துவிட்டுத் தானே நேராகிறதா, வளைந்தபடி நின்றுவிடுகிறதா? தானே நேராகிறது என்றால் தோய்ச்சலால் ஒன்றும் செய்ய முடியாது. உருக்கு மென்மையோ கடினமோ, வளைக்கும்போது எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பதன் அளவான மீள்தன்மை மட்டு கிட்டத்தட்ட ஒன்றுதான், 200 கிகாபஸ்கால். விறைப்பு வேண்டுமானால் தடிப்பைக் கூட்ட வேண்டும். தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. வளைந்தபடி நின்றுவிட்டால்தான் தோய்ச்சல் குறைவு என்று பேசலாம்.

இது எங்கள் துறையில் மாணவர்களும் குழம்பும் இடம். பலமும் விறைப்பும் வேறு வேறு.

24 ஜூன்

மழை பிடித்துக்கொண்டது, பேச்சும் கூரைக்குத் தாவிவிட்டது. நல்லது, கத்தியைவிடக் கூரை எனக்குக் கிட்டத்தில் உள்ள விஷயம். நோர்வூட் அண்ணன் கேட்கிறார்: லயத்துக் கூரையின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரையின்) பழைய தகரத்தைத் தட்டித் தட்டி முகட்டுக்கு மடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. புது நிறத் தகட்டை மடித்தால் மடிப்பில் கீறல் விடுகிறது. இதுவும் தரக்குறைவா?

தரக்குறைவு என்று சொல்லமாட்டேன். நெளிதகரத்துக்குக் காப்புரிமை எடுத்தவர் இலண்டன் துறைமுகப் பொறியியலாளர் ஹென்றி பாமர், 1829இல். மெல்லிய தகட்டை நெளித்தால் தன் பாரத்தைத் தானே தாங்கும் என்பதுதான் அதன் சாரம். பழைய தகரம் தடிப்பு, மென்மை. இன்று கூரைக்கு வரும் மெல்லிய தகடுகளில் பல குளிர்நிலையில் உருட்டி, அந்த இறுக்கத்தை எடுக்காமல் அப்படியே பூச்சுப் போட்டவை. இழுவைத் தகைப்பு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் இழுவிசை, 550 மெகாபஸ்கால் வரை நிரந்தரமாக வளையாது. சாதாரண மென்தகடு அதில் பாதியிலேயே இணங்கிவிடும். அந்தப் பலத்தால்தான் அரை மில்லிமீற்றர் தடிப்புக்கும் குறைவான தகட்டில் ஆள் ஏறி நடக்க முடிகிறது. அதற்குக் கொடுத்த விலை நீளும் தன்மை. மடிப்பின் வெளிப்பக்கம் இழுபடும்போது நீள இடமில்லாமல் கீறுகிறது.

செய்ய வேண்டியது: கூர்மையாக மடிக்காமல், ஒரு குழாயை உள்ளே வைத்து வட்டமாக வளையுங்கள். தகட்டின் நீளத்துக்குக் குறுக்கே போகும் மடிப்பு பரவாயில்லை. நீளவாக்கில் போகும் மடிப்புச் சீக்கிரம் கீறும், ஏனென்றால் உருட்டிய திசையில் மணிகள் நீண்டு கிடக்கின்றன. முகட்டுக்கென்றே மென்தகட்டில் செய்த துண்டுகள் கடையில் உண்டு, அதை வாங்குவது இன்னும் நல்லது.

"மடிக்கும் இடத்தைக் காஸ் அடுப்பில் காய்ச்சினால் மென்மையாகிவிடும்தானே, நீங்களே கம்பிக்குச் சொன்னீர்கள்" என்று கீழே ஒருவர். மென்மையாகும், ஆனால் பூச்சு போய்விடும். பூச்சில் உள்ள நாகம் (துத்தநாகம்) 420 பாகையில் உருகும், அதன் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. அடுத்த மழைக்கு அந்த வரி துருப்பிடிக்கத் தொடங்கும். காய்ச்சவே வேண்டாம்.

25 ஜூன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். மடிப்பு கீறினால் கெடுவது முகடு மட்டும்தான். காற்றில் கூரை போவதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

1974 டிசம்பர் 25 அதிகாலை ட்ரேசி சூறாவளி அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை அடித்தது. வீடுகளின் தகட்டுக் கூரைகள் ஏராளமாகப் பறந்தன. எல்லோரும் காற்றின் உச்ச வேகத்தைப் பற்றிப் பேசினார்கள். கழன்ற தகடுகளை எடுத்துப் பார்த்தபோது திருகாணி ஓட்டைகளைச் சுற்றி வெடிப்புகள். காற்று ஒரே அழுத்தமாக அழுத்தவில்லை. இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஓட்டையோரத்தில் உலோகத்தைக் களைக்க வைத்துவிட்டது. ஒருமுறை இழுத்தால் தாங்கும் தகடு, அதைவிடக் குறைந்த விசையில் ஆயிரக்கணக்கில் ஆட்டினால் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கூரைத் தகடுகளைத் திரும்பத் திரும்ப ஆட்டிப் பரிசோதிக்கும் முறை அங்கே விதியாக வந்தது.

நமக்குச் சூறாவளி அபூர்வம். ஆனால் ஜூன், ஜூலையில் நானுஓயா, அக்கரப்பத்தனைப் பக்கம் இரவு முழுக்கத் தகரம் படபடக்கும் சத்தம் கேட்டு வளராதவர் இந்த இழையில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தப் படபடப்பு ஒவ்வொன்றும் ஓட்டையோரத்தில் ஓர் ஆட்டம். ஏணி வைக்க முடிந்த ஒரு காய்ந்த நாளில் போய்ப் பாருங்கள்: ஓட்டையிலிருந்து மெல்லிய மயிர்க்கோடு கிளம்பியிருக்கிறதா? இருந்தால் அந்தத் திருகாணியை இறுக்கிப் பயனில்லை. பக்கத்தில் புது இடத்தில் அகலமான வாசரோடு போடுங்கள், பழைய ஓட்டையை அடைத்துவிடுங்கள். நெளிவின் முகடு உள்ளே அமுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம். அமுங்கிய இடத்திலிருந்துதான் கோடு கிளம்பும். ஓரத்து வரிசையிலும் முகட்டு வரிசையிலும் திருகாணிகளை நெருக்கமாகப் போடுங்கள், காற்று அங்கேதான் அதிகம் இழுக்கிறது. கூரைமேல் கல்லும் மண்மூட்டையும் வைப்பது படபடப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கல் உருளும் ஆட்டத்தில் பூச்சு உரிந்துவிடும், மண்மூட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டிலும் துரு.

26 ஜூன்

"நீங்கள் ஆராய்ச்சி செய்தது கூரையா, கத்தியா?" இரண்டும் இல்லை. தகட்டை வளைத்து விட்டால் கொஞ்சம் திரும்பி வருமே, அந்தத் திரும்பல்.

தொண்ணூறு பாகைக்கு மடித்து விட்டீர்கள் என்று வையுங்கள். கை எடுத்ததும் அது சற்றுத் திறந்துகொள்ளும். வளைத்த விகாரத்தில், அதாவது வடிவ மாற்றத்தில், ஒரு பகுதி மீள்தன்மைக்குச் சொந்தம், அது தன் பங்கைத் திரும்பக் கேட்கிறது. பலமான தகட்டில் அந்தப் பங்கு பெரிது, மெல்லிய தகட்டில் இன்னும் பெரிது. தகரவேலைக்காரர் இதற்கென்றே கொஞ்சம் கூடுதலாக மடிப்பார். கார்க் கம்பனியில் கதவுக்கும் பொனற்றுக்கும் அச்சு வெட்டும்போது முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பிழைத்தால் இலட்சக்கணக்கில் செலவழித்த அச்சைத் திரும்ப வெட்ட வேண்டும்.

கணக்கு ஏன் கடினம் என்றால், அச்சின் விளிம்பில் தகடு ஒருமுறை வளைந்து, ஓடும்போது நேராகி, திரும்ப வளைகிறது. ஒரு பக்கமாக வளைத்து இறுகிய உலோகத்தை எதிர்ப்பக்கம் வளைத்தால், அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இணங்கிவிடும். மியூனிக்கில் பவுஷிங்கர் என்ற பேராசிரியர் 1880களிலேயே இதை அளந்து எழுதினார். முன்னே போனபோது தடையில் முட்டி நின்ற பிசகுகள், பின்னே திரும்பும்போது கொஞ்ச தூரம் தடையில்லாமல் ஓடிவிடுகின்றன. உலோகம் எவ்வளவு இறுகியது என்று மட்டும் தெரிந்தால் போதாது, எந்தத் திசையில் இறுகியது என்றும் தெரிய வேண்டும். என் ஆய்வுக்காலம் முழுவதும் மெல்லிய பட்டைகளை முன்னும் பின்னும் இழுத்தும் அமுக்கியும் கழிந்தது. அமுக்கும்போது தகடு பக்கவாட்டில் மடிந்து ஓடிவிடும். அதைப் பிடிக்க இரண்டு பக்கமும் தட்டு வைத்தால் உராய்வு அளவைக் கெடுக்கும். அந்த உராய்வைக் கழிக்கும் வழி கண்டுபிடிப்பதே வேலையில் பெரும்பகுதி. திரும்பவும் செய்யச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வேன்.

3 ஜூலை

கண்டியிலிருந்து ஓர் ஐயா: "தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் சாமிவீட்டுப் பித்தளைக் குடம் ஒன்றை உர ஸ்டோரில் வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை, விழவில்லை. எடுத்துப் பார்த்தால் கழுத்துப் பக்கம் நீளமாக வெடிப்பு. கண்பட்டது என்றார்கள்."

ஐயா, இதற்கு நூறு வருடத்துக்கு முந்திய விளக்கம் இருக்கிறது. பிரித்தானிய இராணுவம் இந்தியாவில் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தது. மழைக்காலத்தில் அவற்றின் பித்தளைக் கூடுகளில், சுடாமலே, தானாகக் கீறல் விழுந்தது; மழைக்கால வெடிப்பு என்றே பெயரும் வந்தது. 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காரணத்தை நிறுவினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியா, ஈரம், பித்தளைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த தகைப்பு. மூன்றும் சேர வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் வெடிப்பு இல்லை.

உர ஸ்டோரில் யூரியா, அமோனியம் சல்பேற்று. ஈரத்தில் அமோனியா வாசனை மூக்கைத் துளைக்கும். குடத்தின் கழுத்து, தகட்டைக் குளிர்நிலையில் அடித்து ஒடுக்கிய இடம். அடித்த தகைப்பு அங்கே மூடிக் கிடந்தது. கண் பட்டிருக்கத் தேவையில்லை.

தடுக்க வழி எளிது. செய்து முடித்தபின் குடத்தை 250, 300 பாகைக்குக் காய்ச்சி ஆறவிட்டால் வடிவமும் பலமும் குறையாமல் உள்தகைப்பு மட்டும் இறங்கிவிடும். பிலிமத்தலாவைப் பக்கம் போகிறவர்கள் பித்தளை அடிக்கும் இடத்தில் நின்று பாருங்கள். அடித்து இறுகியதும் மங்கிய சிவப்பு வரும் வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டு, திரும்ப அடிப்பார்கள். உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும், பித்தளையை அப்படிப் போட்டால் மென்மையாகவே இருக்கும். உருக்கின் பளிங்கு அமைப்பு அந்தச் சூட்டில் மாறுகிறது, பித்தளையில் அந்த மாற்றம் இல்லை.

5 ஜூலை

"உள்ளே தகைப்பு இருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?" கண்ணுக்குத் தெரியாது. வெட்டினால் தெரியும். குளிர்நிலையில் இழுத்த ஒரு குழாயின் ஒரு வளையத்தை நறுக்கி, அந்த வளையத்தை ஓரிடத்தில் அறுத்தால் வாய் திறந்துகொள்ளும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எவ்வளவு திறந்தது என்று அளந்தால் தகைப்பைக் கணக்கிடலாம். பொருளை அழிக்க முடியாத இடத்தில் எக்ஸ்கதிரால் அணு வரிசைகளின் இடைவெளியை அளப்பார்கள். இழுபட்ட இடத்தில் இடைவெளி மாறியிருக்கும்.

18 ஜூலை

மேற்கிலிருந்து வரும் மேல்காற்று தொடங்கிவிட்டதென்று பெலிஹுல்ஓயாவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். இந்தக் காற்றில் உருக்குச் செய்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுதாமல் இருக்க முடியாது.

மலைநாட்டின் தென்விளிம்பில், பலாங்கொடைக்குக் கிழக்கே சமனலவெவ. அங்கே நீர்த்தேக்கம் வருவதற்கு முன் அகழ்ந்தபோது மேற்குப் பார்த்த சரிவுகளில் வரிசையாகப் பழைய உலைகள். கில் ஜூலெப் என்ற ஆய்வாளர் அதே வடிவில் உலை கட்டி, பருவக்காற்றில் இரும்பை உருக்கிக் காட்டி, 1996இல் வெளியிட்டார். உலைகளின் காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. துருத்தியே இல்லாமல், காற்றை மட்டும் வைத்துக் காபன் அதிகமான உருக்கு எடுத்திருக்கிறார்கள். அதுவரை இது நடக்கக்கூடியது என்று பலர் ஒத்துக்கொள்ளவில்லை.

கீழே ஒருவர் "காற்று குழாய்க்குள் நேராகப் புகுந்து ஊதியிருக்கும்" என்கிறார். அது மட்டும் போதாது. உலையின் முன்சுவரில் காற்று மோதி, மேல்விளிம்பைத் தாண்டி ஓடும்போது சுவருக்குப் பின்னால் மேலே அழுத்தம் குறைகிறது. முன்னே அழுத்தம் அதிகம். அந்த வித்தியாசம்தான் அடியில் உள்ள மண்குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. அதனால்தான் காற்று ஏறி இறங்கினாலும் உலை நிலையாக எரிகிறது. சுவரின் விளிம்பு வடிவம் தற்செயல் அல்ல.

அதே பலாங்கொடைப் பக்கத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அப்போது இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி நேரில் பார்த்துப் பதிந்து வைத்திருக்கிறார்: குகை எனப்படும் சிறு மண்பாத்திரத்துக்குள் இரும்பையும் மரத்துண்டையும் போட்டு மூடிக் காய்ச்சுவது. மரத்திலிருந்து காபன் இரும்புக்குள் ஏறும். பள்ளிக்கூடத்தில் உருக்கு என்றால் இங்கிலாந்து என்று மட்டும் படித்து வந்த எனக்கு, இது ஒரு பஸ் பயணத் தூரத்தில் நடந்தது என்று தெரிந்தபோது உண்மையாகவே கோபம் வந்தது. இதைப் பாடத்தில் வைக்க வேண்டும்.

27 ஜூலை

ஹட்டன் மாணவி ஒருவர், உயர்தரம் பௌதிகம்: "பாடசாலையில் செய்யக்கூடிய பரிசோதனை சொல்லுங்கள். எங்களிடம் இழுவை இயந்திரம் இல்லை."

தேவையில்லை தங்கச்சி. 7/0.67 மின்வயரில் ஓர் இழையை உரித்து எடுங்கள், பிளாஸ்ரிக்கை எரிக்காமல் பிளேட்டால் உரியுங்கள். செப்பு, விட்டம் 0.67 மில்லிமீற்றர். முதல் இழையைச் சுவாலையில் மங்கிய சிவப்பாக்கி ஆறவிடுங்கள். இரண்டாவதை ஒரு மீற்றருக்கு மேல் வெட்டி, இரண்டு ஆணிக்கு நடுவில் முன்னும் பின்னும் உரசி இழுத்து இறுக்குங்கள். இரண்டையும் தனித்தனியாக விட்டத்திலிருந்து தொங்கவிட்டு, ஒரு மீற்றருக்கு இரண்டு மைப் புள்ளி வையுங்கள். கம்பியைத் தடியில் சில சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் முடிச்சில்தான் அறும்.

கீழே வாளி. அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் புள்ளிகளுக்கு இடையிலான நீளத்தை எழுதுங்கள். காய்ச்சிய கம்பி சுமார் 8 கிலோவில் அறும், வாளியின் நிறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருபது, முப்பது சென்ரிமீற்றர் நீண்டிருக்கலாம். இறுகிய கம்பி கூடுதலாகத் தாங்கும், ஆனால் நீளாமலே அறும். வாளிக்குக் கீழே சாக்கு போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். அறும் கம்பி வீசியடிக்கும்.

கணக்கு இப்படி. நீளம் கூடக் கூடக் கம்பி மெலியும், கனவளவு மாறாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் உண்மையான குறுக்குப்பரப்பைக் கண்டுபிடித்து உண்மைத் தகைப்பை எடுங்கள். விகாரத்துக்கு நீள விகிதத்தின் இயற்கை மடக்கை. இரண்டின் மடக்கைகளையும் வரைபடத்தில் போட்டால் ஏறக்குறைய நேர்கோடு, அதன் சரிவுதான் இறுகும் சுட்டி, இழுக்க இழுக்க உலோகம் எவ்வளவு இறுகுகிறது என்பதன் அளவு. நன்றாகக் காய்ச்சிய செப்புக்குப் புத்தகங்கள் 0.5க்குக் கிட்டச் சொல்கின்றன, மென்னுருக்குக்கு 0.25 அளவு. கம்பி ஓரிடத்தில் மெலியத் தொடங்கும் கணத்தின் உண்மை விகாரம் அந்தச் சுட்டிக்குச் சமமாக வர வேண்டும். உங்கள் கம்பி அதற்கு முன்னாலேயே அறுந்தால் பிடியில் கீறல் விழுந்ததா, காய்ச்சியது போதவில்லையா என்று பாருங்கள். அட்டவணையை இங்கே போடுங்கள், சேர்ந்து வரைந்து பார்ப்போம்.